‘செத்துடுச்சா?’ என்று கேட்பாயே

இன்று காலை உன் மனைவி உங்கள் வீட்டு மைக்ரோவேவ் ஓவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நம் ரெட்டியார்பாளையம் ரிப்பேர் கடைக்கு வந்தாள். சூடாகவில்லையாம். ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்து, பிளக்கைப் பிடுங்கி மேல்மூடியைக் கழற்றியதும் உங்கள் வீட்டு வறுத்த சீரக வாசனை வந்தது. நீ மஞ்சள் காமாலையில் போய் ஐந்து மாதம் ஆகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் உன் நாற்காலி காலியாகவே கிடக்கிறது.

கடையில் நடந்ததெல்லாம் உன் சட்டம்தான். பிளக்கைப் பிடுங்கு, மோதிரத்தைக் கழற்று, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூ டிரைவரால் அதன் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டு இறக்குவது என் வேலை. டப்பென்று ஒரு சத்தம் வரும். “செத்துடுச்சா?” என்பாய். “செத்துடுச்சு” என்று நான் சொன்ன பிறகே கை வைப்பாய். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வீட்டு அம்மா ஒருவர், காலையிலேயே இதென்ன பேச்சு என்று நம்மைத் திட்டியிருக்கிறார்.

நீ இருந்தபோது ஒரு மதியம் வேறொரு ஓவனை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு டீயை எடுத்துக்கொண்டேன். நீ கேட்டாய். ஊருக்கே கரண்ட் இல்லை, இந்தப் பெட்டிக்குள் மட்டும் எங்கிருந்து வரும் என்று நினைத்தேன். கிளாஸைக்கூடக் கீழே வைக்காமல் “செத்துடுச்சு” என்றேன். பத்து வருடம் தொழில் பார்த்தவன் செய்கிற காரியமா அது?

என்னை நம்பிக் கை வைத்தாய். உன் வலது கையில் இரண்டு விரல்கள் கருகின. மற்றக் கை பாக்கெட்டில் இருந்ததால்தான் பிழைத்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைக் குனியச் சொல்லிக் காதோடு சொன்னாய்: “எம்மேலதான் தப்புன்னு சொல்லிட்டேன். நெசம் தெரிஞ்சா எங்க வூட்ல உன்கூட கட நடத்த வுடமாட்டாங்க. நீயும் அப்பிடியே வுட்டுடு.”

விட்டுவிட்டேன். நீ என்னைக் காப்பாற்றவில்லை, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாய். மடங்காத விரல்களோடு நீ சோறு பிசைவதைப் பார்க்கும்போதெல்லாம் உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. நீ போன பிறகு, அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

இன்று உன் மனைவி பக்கத்தில் நின்று, நீ எதிலும் அஜாக்கிரதை என்று பெருமூச்சு விட்டாள். நான் எத்தனை முறை எச்சரித்திருப்பேன் என்று எனக்காக வருத்தப்பட்டாள். ஸ்குரூ டிரைவரை வைத்தேன். டப்பென்றது.

“செத்துடுச்சாண்ணே?” என்றாள். உன்னிடம் கற்ற சொல்.

“இன்னிக்கி செத்துடுச்சும்மா. அன்னிக்கி சாவல. பாக்காமலே செத்துடுச்சின்னு சொன்னவன் நான்தான். அவன் அஜாக்கிரதை இல்ல.”

அவள் என்னைத் திட்டவில்லை. உன் நாற்காலியின் முதுகைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓவனை எடுக்காமலே போய்விட்டாள். திரும்பி வருவாளா, எனக்குத் தெரியாது.

திறந்த பெட்டி முன்னால் இருக்கிறது. ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, உன் குரலில் நானே கேட்கிறேன், செத்துடுச்சா என்று. இறக்கியாகிவிட்டது, தெரியும். இருந்தாலும் இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உனக்குப் பதில் சொல்கிறேன்.