வலியைச் சொல்லாத முன்வரிசை

என் தயா அண்ணே,

ஊரே உன்னைச் சாமி என்று கும்பிட்டாலும் எனக்கு நீ அண்ணன்தான். அதனால் திட்டித்தான் எழுதுவேன்.

வேல்மடத்தில் காவி கட்டிய எல்லோரும் சமம் என்றுதானே சொன்னார்கள்? அப்புறம் எங்கிருந்து வந்தது அந்த முன்வரிசை? சிலம்பத்தில் தேறிய சில பேர் தனியாக நின்றீர்கள், தனியாகச் சாப்பிட்டீர்கள். பெரிய சாமியே உங்களிடம் யோசித்துத்தான் பேசுவார். எவரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் வேறு: முன்வரிசைக்காரன் அடிபட்டால் வாய் திறக்கக் கூடாது.

பயிற்சியில் உன் முன்வரிசைக் கூட்டாளி கதிர் சாமியின் கம்பு உன் விலாவில் இறங்கிய மறுநாள், சென்னீர்குப்பம் வீட்டுக்கு வந்தாய். ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே சோறு தின்றாய்.

"இன்னாண்ணே, ஒரு மாதிரி கீற?" என்றேன்.

"படுத்த வாக்குல புடிச்சிகிச்சிடி. ரசம் ஊத்து."

பாவி, நானும் ஊற்றினேன். நாலாம் நாள் நீ சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனால், உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்ததாம். "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்று டாக்டர் எங்களைத் திட்டினார். எங்களுக்கு என்ன தெரியும்?

மடத்தில் உன்னை அடக்கம் செய்தபோது, சாமிக்காக அழக் கூடாது என்று முன்வரிசைக்காரர்கள் அம்மாவை அதட்டினார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்றுவரை அழவும் இல்லை, பேசவும் இல்லை அண்ணே. சோறு வைத்தால் தட்டையே பார்க்கிறாள்.

போன வாரம் கதிர் சாமி வந்தான். வாசலிலேயே உட்கார்ந்து, "நான்தாம்மா அடிச்சேன்" என்று குலுங்கினான். வெளியே போடா என்று கத்தத்தான் எழுந்தேன். பார்த்தால், வயிற்றை இறுகப் பிடித்திருக்கிறான். நெற்றியெல்லாம் வியர்வை.

"உனக்கும் அடியா?"

வெடுக்கென்று கையை வயிற்றிலிருந்து எடுத்துக்கொண்டான். வந்த ஆத்திரத்தில் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய் பூந்தமல்லி பஸ்ஸில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கிறார், இவன் சுவரைப் பார்க்கிறான்.

"வாயத் தொறந்து சொல்றா! எங்கண்ணன் சொல்லாமதான் பூட்டான்!" என்று அத்தனை பேர் முன்னாலும் அலறினேன்.

"வலிக்குதுக்கா" என்றான்.

பிழைத்துவிடுவான் என்கிறார்கள். நல்லது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நீ சொல்லியிருக்கக் கூடாதா? என்னிடம்கூடவா சொல்லக் கூடாது?

நாளைக் காலை அம்மாவை மடத்துக்குக் கூட்டிப்போகிறேன். உன்னை வைத்த இடத்தில் உட்கார்ந்து, வயிறெரிய, வாய்விட்டு அழட்டும். எந்தச் சாமி வந்து தடுக்கிறான் என்று நானும் பார்க்கிறேன். இது உன்மேல் சத்தியம்.

உன் வாயாடித் தங்கச்சி,
மல்லிகா