மூலைப் பங்கரில் ஒரு கப்பல்

வயரைச் செருகிச் சுவிச்சைப் போட்டதும் அதே மணம் வந்தது, சூடேறிய தூசியும் பிளாஸ்ரிக்கும் கலந்த மணம். இருமினேன், இருமிக்கொண்டே சிரித்தேன். பனிக்காலத்தில் உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்த நாளிலிருந்து இந்தச் செப்டம்பரை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். நேற்று உன் மகள் அந்த ஜப்பான் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "அன்ரி, பிளேன் ஷோவுக்கு முதல் இதை உங்களிட்டைக் குடுக்கச் சொல்லி அம்மா சொன்னவ." பார்த்தாயா, செத்த பிறகும் நீ என்னை விடுகிறாயில்லை.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் நாம் அடுத்தடுத்த கதவுகளில் குடியிருந்த காலம். யாரோ வாசலில் பரப்பி விற்ற பழஞ்சாமான்களுக்குள் இதைக் கண்டு, ரைப்ரைட்டர் என்று நினைத்து வாங்கிவந்தாய். ரைப்பிங் பழகினால் ஒபிஸ் வேலை எடுக்கலாமாம். வீட்டில் வைத்துப் பார்த்தால் பாதி எழுத்து ஜப்பான் மொழி. ரீவியில் பூட்டினால் கறுப்பு வானம், நட்சத்திரங்கள், சின்னதாக ஒரு விண்கப்பல். கணினியின் மேல் துளைக்குள் யாரோ செருகிவிட்ட அந்த விளையாட்டின் சின்னப் பெட்டி இறுகிக் கிடந்தது, நீ கத்தியால் நெம்பியும் அசையவில்லை. "ரைப் அடிக்க வாங்கினது, இனிச் சுட்டுப் பழகுவம்" என்றாய். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பக்தியோடு சிலுவை அடையாளம் வேறு போடுவாய்.

வருடாவருடம் செப்டம்பரில் ஏரிக்கரையில் விமானக் காட்சி நடக்கும் என்று நமக்கு ஒருவரும் சொல்லவில்லை. கட்டடத்துக்கு மேலால் ஜெட் கிழித்துக்கொண்டு போனபோது நான் பாதி வெட்டிய வெங்காயத்தோடு சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடந்தேன். ஊரில் குண்டு போடப் பொம்மர் சுற்றினால் பதுங்குகுழிக்குள், எங்கள் பங்கருக்குள், பாய்ந்து பழகிய உடம்பு, வேறென்ன செய்யும்? நீ ஓடிவந்தாய். உனக்கும் பயம்தான், மறைக்காதே. ஆனால் நீ மேசைக்கு அடியில் வரவில்லை. கணினியைக் கொண்டுவந்து என் ரீவியில் பூட்டி, சத்தத்தை முழுக்கக் கூட்டினாய்.

"வாடி வெளியாலை. எங்களிட்டையும் ஒரு பிளேன் கிடக்கு!"

வந்தேன். வந்தும் என்ன, கப்பலை இடது பக்கக் கீழ் மூலையில் ஒதுக்கிவிட்டேன். எதிரியின் தாய்க்கப்பல் வந்து குண்டுகளாகக் கொட்டியது. அந்த மூலையில் மட்டும் ஒன்றும் விழவில்லை! கொட்டி முடிய அது தன்பாட்டில் போய்விட்டது. அன்றைக்கே அந்த மூலைக்குப் பங்கர் என்று பெயர் வைத்தோம்.

"பங்கருக்குள்ளை இருந்தா உயிர் தப்பும், பொயின்ற் வராது. வெளியாலை வந்து சுடடி, விசரி!"

"செத்தா?"

"செத்தா என்ன, இன்னும் கப்பல் கிடக்குதெல்லோ" என்று திரையின் ஓரத்தில் மிச்சமிருந்த குட்டிக் கப்பல்களைக் காட்டினாய்.

அதற்குப் பிறகு ஒரு வருடமும் நீ தவறவில்லை. நகரத்தின் மறுகோடியில், ரூஜில், வீடு வாங்கிப் போன பிறகும் அந்த வார இறுதியில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாய். போன வருடம் மருந்து ஏற்றி முடி கொட்டிய தலையில் சால்வையைக் கட்டிக்கொண்டு வந்தாய். அப்போதும் நான் மூலையை விட்டு அசையவில்லை. திட்டித் திட்டியே களைத்துப்போய், என் சோபாவில் படுத்துவிட்டாய். நீ இல்லாமல் இந்த நாளை எப்படிக் கடப்பேன் என்ற பயம் முதல்முதலாக அப்போதுதான் எட்டிப்பார்த்தது.

இன்று மத்தியானம் ஜெட் வந்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கண் மேசைப் பக்கம் போனது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் திரையில் தாய்க்கப்பல் இறங்கிக்கொண்டிருந்தது, என் கப்பல் வழமைபோலப் பங்கருக்குள். உனக்காக ஒரு சிலுவை போட்டேன். பிள்ளையார் கோவித்தால் நீயே பேசித் தீர்த்துக்கொள். கப்பலை வெளியே எடுத்தேன். சுட்டேனடி! கண்டபாட்டுக்குச் சுட்டேன். கொஞ்ச நேரம்தான், கப்பல் வெடித்துச் சிதறிவிட்டது.

"அப்பாடா" என்று சாய்ந்தபோதுதான் கவனித்தேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை. ஜெட் எப்போது போனதென்றே எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அது போவதைக் காது கொடுத்துக் கேட்காமல் இருந்தது இன்றைக்குத்தான். தனியே இருந்து விழுந்து விழுந்து சிரித்தேன், கொஞ்சம் அழுதேன்.

பிறகு திரையின் ஓரத்தைப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். இன்னும் கப்பல் கிடக்குதடி.