அப்பாவின் கோட்டில் நான் குத்திய பேட்ஜ்

என் கண்ணான லீனாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அந்த அலாஸ்கா குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. சோளம் விதைத்தாயிற்று, நாய்க்குக் கால் தேவலை. நாலு நாளாக டெலிபோன் மணி அடித்தாலே எடுக்காமல் கொல்லைப்புறம் போய்விடுகிறேன்.

உன் அப்பா சட்டசபையில் இருந்துகொண்டே குப்பை அள்ளும் கம்பெனிக்காக நகரசபைகளில் போய்ப் பரிந்து பேசுகிறாரே, பதவியில் இருப்பவர்கள் இனி அந்த வேலை பார்க்கக் கூடாது என்று மசோதா வந்திருக்கிறது. இன்றைக்கு அது தப்பில்லை, ஆனால் பதவியைக் காட்டி மிரட்டினால் இப்போதே குற்றமாம். அதனால் அப்பா ஒவ்வொரு ஊரிலும் சட்டசபை பேட்ஜைக் கழற்றிக் காரில் வைத்துவிட்டுத்தான் இறங்குவாராம். இதைக் கழட்டிட்டா நான் வெறும் ராய், கம்பெனி ஆளு, அவ்வளவுதான் என்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும், பாவி நான்! போன மாதம் கெட்டில் க்ரீக் ஊர் நகரசபைக்கு நானும் கூடப் போனேன். அவர் இறங்கிப் போனதும் பார்த்தால் பேட்ஜ் சீட்டில் கிடக்கிறது. மனுஷன் மறந்துவிட்டார் என்று பின்னாலேயே ஓடி, வாசலில் கோட்டில் குத்திவிட்டேன். நாலு பேர் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள், கழற்ற முடியாமல் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். நானும் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தேன்.

அங்கே டோரிஸ் ஹாலம் என்று ஒரு உறுப்பினர், பள்ளிக்கூடத்தில் சாப்பாடு பரிமாறுகிற பெண். குப்பை அள்ளப் பழைய கம்பெனியே போதும், அப்பாவின் புதுக் கம்பெனி வேண்டாம் என்றுதான் பேச ஆரம்பித்தாள். அப்பா எழுந்தார். அவள் கண் பேட்ஜில் போய் நின்றது. அவர்கள் ஊர்ப் பாலத்துக்குப் பணம் சட்டசபையில் அப்பாவின் குழுதான் ஒதுக்க வேண்டும். சரி, எனக்கும் சம்மதம் என்று குரலே எழும்பாமல் சொல்லி உட்கார்ந்தாள். இப்போது அவள்தான் புகார் கொடுத்திருக்கிறாள். வியாழக்கிழமை விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள், அன்றைக்கு அவர் பேட்ஜ் குத்தியிருந்தாரா என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டுமாம். ஞாபகமில்லைன்னு சொல்லிடு ஈவ்லின், ஒரே வார்த்தை, குடும்பம் தப்பிச்சுரும் என்று அப்பா கெஞ்சுகிறார். பொய் சொன்னால் எனக்கு ஜெயில், நிஜம் சொன்னால் அவருக்குப் பதவியும் போய் மானமும் போய்விடும். நான் குத்தாமல் இருந்திருந்தால் அவளுக்கு நீங்கள் யாரென்று தெரியாதா என்று நேற்றுக் கேட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பயமாக இருக்கிறதடி. ஆனால் அன்றைக்கு அவளும் இப்படித்தானே பயந்திருப்பாள்? அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவள் நான். உள்ளதைச் சொல்லப் போகிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கடவுள் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. வியாழக்கிழமை சாயங்காலம் மறக்காமல் அப்பாவுக்குப் போன் போடு. அன்றைக்கு அவர் என்னோடு பேச மாட்டார், நீயாவது பேசு.

உன் அம்மா,
ஈவ்லின்