ஜூலியின் மடியும் கிளமெண்டின் கையும்

சாம்பியன் ரீப்ஸ்,
வியாழக்கிழமை காலை.

அன்பு மருமகன் மனோகருக்கு,

இந்தத் தங்கச் சுரங்க லைன் வீடுகளில் யாருக்கும் அஞ்சாத உன் தாய்மாமன் துரை எழுதுவது. ஷார்ஜாவில் உனக்கு ஒரு குறையும் வராமல் நம் மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். இங்கே உன் அம்மா சுகம். நானும் சுகம், தாடையைத் தவிர.

தாடை இரண்டு துண்டு. கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன். என் வாயை அடைக்க இத்தனை வருஷம் எவனாலும் முடியவில்லை. உன் அம்மாவின் பசு ஜூலி ஒரே உதையில் செய்துவிட்டாள். வேறொருவனாக இருந்தால் தலையே போயிருக்கும். உன் தங்கை நளினி இதைப் போட்டோ பிடித்து அனுப்புவாள். படித்த உடனே பக்கத்து வீட்டுக் கிளமெண்டுக்குப் போன் போடு. ஜூலி பிழைப்பது அதில்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை விடியலில் கிளமெண்ட் எப்போதும் போல் கறக்க வந்தான். கறந்தவன், “இன்னா மாமா இது, பாலு தண்ணியாட்டம் வருது, நடுவுல திரி திரியா வுழுது” என்றான். போய்ப் பார்த்தேன். பின்பக்கக் காம்பு ஒன்று சிவந்து, மடி கருங்கல்லாக இறுகிக் கிடந்தது. தொட்டால் கொதித்தது. அந்த மடியைத் தொடுவது அவன் கை ஒன்றுதான். விஷம் வைத்தவன் வேறு யாராக இருக்க முடியும்? எங்கள் அப்பா மைனில் பாறை துளைத்த ஜம்பர் கம்பியை எடுத்தேன். அவன் எருமைக்கடா மாதிரி என்மேல் பாய்ந்தான். நேருக்கு நேர் மோதினோம். ஓங்கி ஒரே அடி. காய்ந்த முருங்கைக் கிளை மாதிரி அவன் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் பாலகாட் மைன் வரைக்கும் கேட்டிருக்கும். பால் பாத்திரமெல்லாம் ரத்தம். நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிடித்தார்கள்.

சாயங்காலம் மாட்டு டாக்டரம்மா மமதா வந்து ஊசி போட்டார்கள். கன்னடக்காரர், ஆனால் தமிழில் நன்றாகத் திட்டுவார்கள். மறுநாள் பார்த்தால் மடி இன்னும் பெரிதாகிவிட்டது. ஜூலி பல்லை நறநறவென்று கடித்துச் சுவரில் முட்டுகிறாள், நெற்றி கிழிந்து தொங்குகிறது. ஊசியில் என்ன கலந்தீர்கள் என்று டாக்டரம்மாவிடம் கத்தினேன். அவர்கள் சொன்னது இது. விஷமில்லை, சாணியில் இருக்கும் கிருமி காம்பு வழியாக ஏறியிருக்கிறது. ஊசியில் கிருமி சாகிறது. ஆனால் சாகும்போது வெடித்து, அதன் மேல்தோல் துண்டு துண்டாக மடிக்குள் சிதறுகிறது. அந்தத் துண்டு பட்டாலே போதும், எதிரி வந்துவிட்டான் என்று பசுவின் உடம்பு ரத்தத்திலிருந்து தன் படையை மடிக்குள் இறக்கிவிடும். செத்த கிருமியை அடிக்கிற அடியில் சொந்த மடியே நொறுங்குகிறதாம். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மைனுக்குள் நூறாவது லெவல் ஆழத்தில் வேலை பார்த்தவனுக்குப் புரியாதா? வெடி வெடித்து முடிந்த பிறகும் புகை ஆளைக் கொல்லும். (நான் வெளியே, விளக்கு எடுத்துக் கொடுக்கும் லாம்ப் ரூமில் இருந்தேன் என்று உன் அம்மா சொல்வாள், நம்பாதே.)

பிறகு டாக்டரம்மா ஜூலி படுக்கும் இடத்து மண்ணைக் கிளறினார்கள். தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டு மண்ணைப் போட்டால் ஒரு பூச்சி பிழைக்காது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. கேஜிஎப்பில் வேறு எவனுக்கும் இந்த மூளை வந்ததில்லை. அதிலிருந்த சயனைடு எப்போதோ மழையில் கரைந்து போய்விட்டதாம். மாவு மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு சாணியை ஊறவைத்து, கிருமிக்கு நானே சோறு போட்ட மாதிரி ஆகிவிட்டதாம். யார் போட்டது என்று கேட்டார்கள். இங்கே எல்லாரும் போடுவார்கள் என்றேன். உன் அம்மா வாளியைத் தூக்கி என் மண்டையில் அடித்தாள். “குந்திக்கினு கறக்கிற புள்ளைய முதுகுப் பக்கமா போய் அடிச்சியே அண்ணா, அவன் திரும்பிக் கையக் குடுக்கலன்னா மண்டையே பூட்டிருக்கும்” என்று தெருவே கேட்கக் கத்தினாள். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை.

இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அந்தக் காம்பைக் கறந்து உள்ளே இருப்பதையெல்லாம் வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் மடி அழுகும், பசுவும் போகும் என்கிறார்கள் டாக்டரம்மா. ஜூலி யாரையும் நெருங்க விடவில்லை. உன் அம்மாவின் விரல்கள்தான் மடங்காதே. கறக்கப் போன நளினியை ஜூலி சுவரோடு வைத்து நசுக்கினாள். கறக்க உட்கார்ந்த என் கதை உனக்குத் தெரியும், தாடைதான் சாட்சி. நேற்று முதல் அந்தக் காம்பில் ஒரு சொட்டு எடுக்கவில்லை. அவளுக்குப் பழகியது கிளமெண்டின் கைதான். அவன் பக்கத்து வீட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறான். நடுவில் ஒரு சுவர். அவள் கதறுவது என்னைவிட அவனுக்குத்தான் நன்றாகக் கேட்கும். இடது கை நன்றாகத்தான் இருக்கிறது. கதவைத் திறக்க மாட்டேன் என்கிறான்.

நீயும் அவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நீ சொன்னால் வருவான். என்மேல் புகார் எழுதுவதானால் எழுதட்டும், கையெழுத்துப் போட நானே ஸ்டேஷனுக்கு வருகிறேன். அந்த மண்ணை விடியலிலேயே அள்ளிக் கொட்டிவிட்டேன். அவன் இடது கையால் கறக்கட்டும், பாத்திரத்தை நான் பிடிக்கிறேன். ஜம்பர் கம்பியை அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன், நான் அவனுக்கு முதுகைக் காட்டித்தான் குந்தியிருப்பேன் என்று மறக்காமல் சொல்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்
துரை