நீ சேரவேண்டிய இடத்தில் நான்

இன்று காலை தெம்பனிஸ் நிலையத்தில் ரயில் ஏறியதும், பக்கத்து இருக்கைப் பெண் தலைவலித் தைலத்தைத் திறந்தார். அந்த நெடியோடு நீயும் வந்துவிட்டாய். நூலக மேசையில் முழங்கையை ஊன்றி, நெற்றிப்பொட்டில் தைலத்தைத் தேய்த்தபடியே என் விண்ணப்பக் கடிதத்தைத் திருத்துவாய். "ஒரே பக்கத்துல மூணு தடவை 'பேஷனேட்'னு எழுதியிருக்க. படிக்கிறவங்களுக்கு சந்தேகம் வந்துடும் லா" என்பாய்.

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்த நம் இருவருக்கும் ஒரே ஆசைதான், சிங்கப்பூரில் ஏதாவது ஒரு பதிப்பகத்தில் எடிட்டிங் இன்டர்ன்ஷிப். எத்தனையோ இடங்களுக்கு எழுதினோம். பாதிப் பேர் பதிலே போடவில்லை. கடைசியில் ஒரு சின்னப் பதிப்பகம் நம்மைத் தேர்வெழுத அழைத்தது. இருந்தது ஓர் இடம்தான். அது உனக்குக் கிடைத்தது.

சிராங்கூன் சாலைக் கடையில் தோசைக்குக் காத்திருந்தபோது அதைச் சொன்னாய். எனக்காகச் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டுதான் சொன்னாய். நான்தான், "என் லெட்டரைத் திருத்துறேன்னு சொல்லி, நல்லதை எல்லாம் நீ எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டேன்.

"அப்படியா நினைக்கிற?" என்றாய்.

தோசை வருமுன்பே எழுந்து போய்விட்டேன். ஒன்பது நாள் உன் செய்திகளுக்குப் பதில் போடவில்லை. பத்தாம் நாள் உன் அண்ணன் அழைத்தார். மூளையில் ரத்தக்கசிவு என்றார். மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

உன் தலைவலியை அதிகம் பார்த்தவள் நான். 'கண்ணாடிய மாத்து' என்று மட்டும் சொன்னவளும் நான். என் அலட்சியத்தால்தான் போனாயோ என்ற பயத்தோடு தூங்கி, அதே பயத்தோடு எழுந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் பதிப்பகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இடம் காலியாகிவிட்டதாம், நேரில் வந்து பேச முடியுமா என்று கேட்டிருந்தார்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். உன்னிடம் கேட்காமல் உன் அறைக்குள் நுழையச் சொன்னதுபோல் இருந்தது.

இரண்டு நாள் கழித்து உன் அம்மா வேலை செய்யும் தேக்கா சந்தைத் தையல் கடைக்குப் போனேன். சண்டையைச் சொன்னேன். தலைவலியையும் சொன்னேன். ஆன்ட்டி மெஷினை நிறுத்தினார்.

"சண்டை போட்டது தெரியும். வீட்டுக்கு வந்து அழுதா" என்றார். பிறகு, கையிலிருந்த ரவிக்கையையே பார்த்துக்கொண்டு, "தலைவலின்னு என்கிட்டயும்தான் சொன்னா. நான் என்ன பண்ணேன்? காப்பி போட்டுக் குடுத்தேன்" என்றார்.

பதிப்பகத்தின் மின்னஞ்சலைக் கைப்பேசியில் காட்டினேன்.

"நீ போகலன்னா அவ வந்துடுவாளா? போ" என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதித்தார். நான் கிளம்பும்வரை நிமிரவில்லை.

இன்றைக்குத்தான் பதிப்பகத்துக்குப் போனேன். பதிப்பாசிரியர் உன் பெயரைச் சொல்லி, ஒரே பல்கலைக்கழகம்தானே, தெரியுமா என்று கேட்டார். 'இல்லை' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தெரியும், என் தோழி, கடைசியாகச் சண்டை போட்டுத்தான் பிரிந்தோம் என்றேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. அவர் எட்டுப் பக்கச் சிறுவர் கதை ஒன்றைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார். திருத்திக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வா என்றார்.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

இப்போதெல்லாம் யார் செய்தி அனுப்பினாலும் உடனே பதில் போட்டுவிடுகிறேன். நேற்று என் அம்மாவோடு பெரிய வாக்குவாதம். வீட்டைவிட்டு வெளியே வந்தவள், மின்தூக்கி கீழே இறங்குவதற்குள், 'கோபமா இருக்கேன். ஆனா வந்துடுவேன்' என்று அனுப்பினேன்.

உனக்கு அந்த ஒரு வரியைக்கூட நான் அனுப்பவில்லை.