பத்தாம் வகுப்பில் என் தங்கை

செப்டம்பர் 4, திங்கள்

பல்கலைக்கழகத்தில் எங்களைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பிவிட்டார்கள். நான்கு வாரம் பாடம் நடத்திப் பழக வேண்டும். ஆசிரியர் பயிற்சியோடு இயற்பியல் மூன்றாமாண்டு படிக்கும் எனக்குக் கிடைத்தது வீட்டிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளியிருக்கும் பள்ளி, பத்தாம் வகுப்பு. அதாவது என் தங்கை வாலு படிக்கிற அதே வகுப்பு.

சாப்பிடும்போது சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து நிபந்தனை போட்டாள். "ஸ்கூல்ல நீ எனக்கு அக்கா இல்ல. மிஸ்னுதான் கூப்பிடுவேன். வீட்டுக் கதை ஒண்ணு வெளிய வந்துச்சு, அப்புறம் இருக்கு உனக்கு." அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான்.

செப்டம்பர் 6, புதன்

முதல் பாடம். சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது.

ரகசியம் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. ரெண்டு பேர் முகமும் உரித்து வைத்த மாதிரி இருந்தால் யாரை ஏமாற்ற முடியும்? முன் பெஞ்சில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. "அக்காவே மிஸ்ஸு. இனிமே அவளுக்கென்ன குறை." வாலுவின் முகம் சுண்டிப்போனது. எனக்கும் சுருக்கென்று இருந்தது.

என் தங்கைக்குச் சலுகை காட்டுகிறேன் என்று ஒருத்தர் வாய் பேசக்கூடாது. முடிவு செய்துவிட்டேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

சாக்பீஸ் உடையவில்லை.

செப்டம்பர் 13, புதன்

பிள்ளைகள் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். மணி அடித்த பிறகும் மேசையைச் சுற்றி நின்று பேசுகிறார்கள். வகுப்பின் அறிவியல் டீச்சர், "பரவாயில்லையே, இதுங்கள வாயத் திறக்க வெச்சுட்டியே" என்றார். நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாலு எல்லாக் கேள்விக்கும் கையைத் தூக்குகிறாள். தோளே கழன்றுவிடும் போல. நான்கு வயதிலிருந்து வானம் ஏன் நீலம், நிலா ஏன் கூடவே வருது என்று என் உயிரை எடுத்தவள் வேறு எப்படி இருப்பாள்? நான் அந்தப் பக்கம் பார்க்காமல் "வேற யாராவது?" என்கிறேன். என் நடுநிலைமையை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூட.

செப்டம்பர் 20, புதன்

வாலு இன்று கையைத் தூக்கவே இல்லை. தலைவலியாக இருக்கும்.

செப்டம்பர் 21, வியாழன்

தலைவலி இல்லை.

அடுத்த வருடப் பாடப்பிரிவுக்கான படிவத்தை அம்மா என்னிடம் நீட்டினாள். வணிகவியல் என்று எழுதியிருக்கிறாள் வாலு. "போன மாசம் வரைக்கும் நட்சத்திரம், ராக்கெட்னு பினாத்திட்டு இருந்தா. என்ன ஆச்சு இவளுக்கு? நீ கேளு" என்றாள் அம்மா.

கேட்டேன். "எனக்கு சயின்ஸ் வராது" என்றாள். எப்பயிலிருந்து வராது? "வர்றவங்கள கேட்டுக்கோங்க, மிஸ்."

வீட்டில், சமையலறையில் நின்றுகொண்டு என்னை மிஸ் என்றாள். படிவம் கொடுக்க அடுத்த வெள்ளிவரைதான் நேரம்.

செப்டம்பர் 22, வெள்ளி

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

என்னோடு வந்திருக்கும் வேதியியல் மாணவியைக் குச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நான் பாடம் நடத்தும்போது அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுக்க வேண்டும், அவள் நடத்தும்போது நான். அவள் கையில் வகுப்பின் இருக்கை வரைபடம் இருக்கும், ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம். நான் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுவாள். மூன்று வாரத்துக் கோடுகளை இன்று கூட்டினோம்.

"இந்தக் கட்டம் மட்டும் காலி. யாருடி இது, ரொம்ப நாளா லீவா?"

சன்னல் ஓரம், மூன்றாவது பெஞ்ச். தூங்கி வழிகிற பையனுக்குக்கூட ஏழு கோடு. என் வாலுவுக்கு ஒன்றுமில்லை.

குச்சி நிமிர்ந்து பார்த்தாள். "ஏய், இது உன் தங்கச்சி இல்ல?"

ஆமா, என் தங்கச்சிதான். மூணு வாரத்துல ஒரே ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்ல? கை வலிக்க வலிக்கத் தூக்குனாளே பாவி.

செப்டம்பர் 23, சனி

வாலு துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் வேணும்னு பண்ணல வாலு. யாரும் தப்பா பேசக்கூடாதுன்னு..."

"நான் தப்பா சொல்லிட்டா உனக்கு அசிங்கம்னுதானே கேட்கல?"

இல்லை என்று உடனே சொன்னேன். அது பொய்யோ? டீச்சர் முன்னால் என் தங்கை உளறினால் என் மானம் போகும் என்று ஒரு மூலையில் நினைத்தேனோ என்னவோ. நினைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

கண்ணாடிப் பாடம். மதிப்பெண் போட எங்கள் பேராசிரியரும் வந்து பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

கேள்வி இதுதான்: சின்னக் கண்ணாடியில் இடுப்புவரைதான் தெரிகிறது, பாதமும் தெரிய என்ன செய்யலாம்? நாலைந்து கைகள். வாலு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத்தான் எழுப்பினேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"பின்னாடி தள்ளிப் போனா போதும், மிஸ்."

தப்பு. "சரி, வேற யாராவது?" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "எதை வெச்சு சொல்ற?" என்றேன்.

"வீட்ல அலமாரிக் கண்ணாடியில பார்த்திருக்கேன். நீ நகர்ந்தாத்தானே நான் பார்க்க முடியும்? தலை சீவுறேன்னு அரை மணி நேரம் அங்கேயே நிக்கிற."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பேராசிரியரும்.

கண்ணாடியைச் சுவரில் மாட்டி, அவளையே முன்னால் நிறுத்தினேன். இடுப்புவரை தெரிந்தது. பின்னால் நடந்தாள். இடுப்பு. சுவர்வரை போய் முட்டினாள். அப்போதும் இடுப்புதான். அவள் உட்காரவில்லை. "அப்ப வீட்ல மட்டும் எப்படி பாதம் தெரியுது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியலை என்றே சொன்னேன். மணி அடித்தது.

செப்டம்பர் 27, புதன்

அளவுகோலும் நூலுமாகக் குடும்பமே அலமாரி முன்னால் நின்றது. நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டு வாலுவே கண்டுபிடித்தாள். முன்கால் தேய்ந்து அலமாரி முன்னால் சாய்ந்திருக்கிறது. கண்ணாடி முன்பக்கம் சாய்ந்தால் கணக்கே வேறு, தள்ளிப் போகப் போகப் பாதம்வரை தெரியும். எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா காலுக்கு அட்டை வைக்கப் போனாள். "தொடாதம்மா, இன்னும் நான் முடிக்கல" என்று கத்தினாள். எத்தனை நாளாயிற்று இந்தச் சத்தத்தைக் கேட்டு.

செப்டம்பர் 29, வெள்ளி

கடைசி நாள். பிள்ளைகள் வாழ்த்து அட்டை செய்து கொடுத்தார்கள், அழுதுவிட்டேன். படிவத்தில் வாலு என்ன எழுதிக் கொடுத்தாள் என்று கேட்கவில்லை. நான் கேட்டால் வீம்புக்காவது மாற்றுவாள்.

நவம்பர் 13, திங்கள்

பள்ளியிலிருந்து கடிதம். பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அப்பா படித்துவிட்டு, "எல்லாம் உன்னால வந்தது, நீயே போடு" என்று என் பக்கம் தள்ளினார்.

"அறிவியல் பிரிவுக்கு விண்ணப்பித்திருக்கும் தங்கள் மகள், வகுப்பில் பாடத்துக்கு அப்பாற்பட்ட கேள்விகளைத் தொடர்ந்து எழுப்புவதால் பாடங்களை உரிய நேரத்தில் முடிக்க இயலவில்லை. கண்டித்து அனுப்பவும்."

மூன்று தடவை படித்தேன். வாலு கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திட்டப் போறியா?"

கையெழுத்துப் போட்டு, கீழே "கண்டித்துவிட்டோம்" என்றும் எழுதிக் கொடுத்தேன்.