கூட்டம் இடம் மாறிவிட்டது

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

மதிப்பு என்று எழுதுவது முறைக்காக. முறையை நான் விடுவதில்லை. இங்கே என் மகளும் பேத்தியும் சுகம். பேத்திக்கு முன்பற்கள் விழுந்து, பேசினால் காற்றுத்தான் வருகிறது. ஆனாலும் வாய் ஓயவில்லை. பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. உங்கள் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை.

குடியை நீங்களாகவே விட்டுவிடுவதாகவும், உங்கள் ஊரில் குடிநோயாளிகள் கூட்டம் நடந்த இடம் பூட்டிக் கிடப்பதாகவும், போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்வதாகவும், ஆகவே மனைவியையும் பிள்ளையையும் அனுப்பி வைக்கும்படியும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் கூட்டத்துக்குப் போகாமல் அவர்களை அனுப்ப மாட்டேன் என்று சொன்னவன் நான். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் மகள், "அவர் பொய் சொல்ல மாட்டாருப்பா" என்றாள். "குடிக்கிறவன் பேச்சுல முக்கால்வாசியைக் கழிச்சுட்டுத்தான் கேக்கணும்" என்றேன். அன்றிலிருந்து சோறு போட்டால் "போதுமா" என்று கேட்பதோடு சரி.

மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் தொழிலை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. எரிந்துபோனதைப் பிரித்துப் பார்த்துப் பார்த்தே படித்தேன். கொண்டுவருகிறவர் ஆயிரம் காரணம் சொல்வார். கழற்றிப் பார்க்காமல் நான் எதையும் நம்பியதில்லை. ஆகவே போன சனிக்கிழமை, சாமான் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு உங்கள் ஊருக்குப் பேருந்து ஏறினேன். உங்கள் பொய்யைப் பிடிக்கத்தான் வந்தேன். ஒளிப்பானேன்.

முதலில் மருத்துவமனையில் கேட்டேன். அங்கிருந்த நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்கா, தாத்தா?" என்றாள். காபியையே அளந்து குடிப்பவன் நான். பல்லைக் கடித்துக்கொண்டு முகவரியை வாங்கினேன். பழைய நூலகத்தின் பின்னறை. பூட்டுத்தான் தொங்கியது. பூட்டு உண்மை, மாப்பிள்ளை வந்து பார்த்தது பொய், யாரோ சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அம்மாவிடம் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "லிஃப்ட் கம்பெனி சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் வருவாரே, ஆள்காட்டி விரல் பாதி இல்லாதவரு, அவருக்குச் சொந்தமா?" என்று கேட்டார். நீங்கள் பல சனிக்கிழமைகள் வந்து கதவைத் தட்டிப் பார்ப்பீர்களாம். படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பீர்களாம். ஒருநாள் கடைக்கு வந்து தயங்கி நின்று, கடைசியில் ஒரு பேனா மட்டும் வாங்கிக்கொண்டு போனீர்களாம். "கூட்டம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் மாறி எவ்வளவு நாளாச்சு. வாயத் தொறந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார். குடிக்க வெட்கமில்லை, கேட்க மட்டும் வெட்கம் வந்துவிட்டது உங்களுக்கு.

ரயில்வே கேட் தாண்டியதும் டயர் கடை. அதன் மேல்மாடி. பெயர்ப்பலகை கிடையாது. நான் நுழைந்ததும் ஒரு தையல்காரர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மொதத் தடவையா ஐயா? வந்ததே பெரிசு" என்றார். நான் குடிப்பவன் அல்ல, மாமனார் என்றேன். மூலையிலிருந்து ஒருவர், "எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொன்னோம், உக்காருங்க" என்றார். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உறவுக்காரர்களும் வரலாம் என்று டீ கொடுத்து உட்கார வைத்தார்கள். மின்விசிறியில் பேரிங் போய்க் கரகரத்தது. கழற்றிப் போட எனக்குக் கை அரித்தது.

ஒரு லாரி ஓட்டுநர் பேசினார். அப்பா வெளிநாட்டில் இருப்பதாக அவருடைய மகன் பள்ளியில் சொல்லி வைத்திருந்தானாம். இவர் அடுத்த தெருவில் விழுந்து கிடந்த காலத்தில். எனக்குப் பொறுக்கவில்லை. மனசில் உறுதி இருந்தால் என்று ஆரம்பித்தேன். தையல்காரர், "ஐயா, இங்க யாரும் யாருக்கும் புத்தி சொல்றதில்லை. உங்க கதை இருந்தா சொல்லுங்க" என்று நிறுத்திவிட்டார். இந்த வயதில் என் வாயை அடைத்த முதல் ஆள் அவர்தான். எழுந்துவிடலாமென்றால் கதவு தூரத்தில் இருந்தது. கடைசி வரை கேட்டேன். புத்தி சொல்லாமல் என்ன வைத்தியம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அங்கே ஒருவருக்கும் கை நடுங்கவில்லை. அதைக் கண்ணால் பார்த்தேன்.

நீங்கள் பொய் சொல்லவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் அறை பக்கத்துத் தெருதான் என்று தெரிந்தும் வரவில்லை. என்ன கோலத்தில் இருக்கிறீர்களோ, பார்த்துவிட்டு வந்து மகள் முகத்தில் எப்படி விழிப்பது.

அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. பூட்டிய கதவை நீங்கள் தட்டியதைச் சொன்னால் இன்றைக்கே பெட்டி கட்டிவிடுவாள். தட்டியது போதாது. உள்ளே போய் உட்காருங்கள். ஒரு வாரம் போய்விட்டு நின்றுவிடாதீர்கள். பிறகு நீங்களே அவளுக்கு எழுதுங்கள், எனக்கு வேண்டாம். வருவதும் இருப்பதும் அவள் முடிவு. நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

கூட்டம் சனிக்கிழமைதோறும், விளக்கு வைக்கும் நேரம். மாடிப்படி டயர் கடைக்குப் பின்பக்கம் இருக்கிறது. செங்குத்தான படி, வெளிச்சமும் போதாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்து ஏறுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்